ரெஜினா டீச்சர் வண்டியின் சாவி

"இது என் வண்டிடா. சாவியக் குடு!" என்று வீரபாகு ஷெட்டுக்குள் வந்து நின்றதும் மெக்கானிக் சின்னமாயன் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டான். சர்வீஸுக்கு வந்திருந்த அந்த கார் ரெஜினா டீச்சருடையது. ஆனால் வீரபாகுவிடம் இல்லையென்று சொன்னவன் எவனும் நேராக நடந்து வீடு சேர்ந்ததில்லை.

"குடுத்திர்றேண்ணே. இன்ஜினுக்குள்ள டைமிங் பெல்ட்டு அறுந்து புதுசு மாத்துனீங்களே, அந்த வண்டிதான?"

"ஆமா! நானே பக்கத்துல நின்னு மாத்துனேன்."

சின்னமாயன் நடுங்கிக்கொண்டே ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்தான். உள்ளே செயின் பளபளத்தது. தெருவே எட்டிப் பார்த்தது.

"இந்த மாடல்ல பெல்ட்டு இன்ஜினும் உண்டு, செயின் இன்ஜினும் உண்டுண்ணே. இது செயினு, இதுக்குள்ள அறுந்துபோக அந்த பெல்ட்டே கெடையாது. அப்ப உங்க வண்டிய எவனோ களவாண்டுட்டான்! வாங்க, ஸ்டேஷன்ல சொல்லிருவோம்."

வீரபாகு ஸ்டேஷனுக்கு எதிர்த்திசையில் நடையைக் கட்டினான். சின்னமாயனுக்குக் கை நடுக்கம் நிற்கவேயில்லை. சாவி அந்தக் கைக்குள்தான் இருந்தது.