பெருச்சாளி எழுதிய அ.ஓ.

ஒரு காட்டின் நடுவே பெரிய ஏரி இருந்தது. அதைக் காக்க வேங்கை அரசர் ஓடங்கள் வைத்திருந்தார். ஓடங்களுக்குப் பெயர் வைப்பது யானையம்மாவின் வேலை. பாரம் தூக்கும் ஓடங்களுக்கு மலைகளின் பெயர். வேகமாகப் போகும் ஓடங்களுக்குப் பறவைகளின் பெயர். ஓர் ஓடம் பழசாகிக் கழிந்துபோனால், அதன் பெயரைப் புதிய ஓடத்துக்கு வைப்பார்கள். நல்ல பெயரை வீணாக்குவானேன்?

பெயர் வைத்ததும் அது அரச ஓடம் ஆகிவிடாது. யானையம்மா அதன்மேல் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்ப்பாள். பிறகு காற்றடிக்கும் நாளில் அது ஏரியைச் சுற்றி வர வேண்டும். உள்ளே தண்ணீர் ஏறாமல் வந்து சேர்ந்தால்தான் பெயருக்கு முன்னால் 'அ.ஓ.' என்று எழுதுவார்கள். அரச ஓடம் என்பதன் சுருக்கம் அது.

அ.ஓ. வந்தால் படகுத்துறையில் எல்லோரும் ஒதுங்கி வழி விடுவார்கள். பதிலுக்கு, ஏரியில் யார் கூப்பிட்டாலும் அ.ஓ. போயாக வேண்டும். ஓரிடத்தில் ஓர் அ.ஓ. நின்றால் இன்னொன்று அங்கே போகாது. உதவி இல்லாத இடத்தைத் தேடிப் போகும். இதுதான் ஏரியின் வழக்கம்.

பெத்தண்ணன் என்ற பெருச்சாளி பனம்பழ வியாபாரம் செய்தது. தன் ஓடத்துக்கு அதுவே 'ராஜாளி' என்று பெயர் வைத்திருந்தது. ஏரியிலேயே மெதுவாகப் போகும் ஓடம் அதுதான்! துறையில் தினமும் காத்துக் கிடந்து பெத்தண்ணனுக்கு அலுத்துவிட்டது.

"ஆனையம்மா! என் ராஜாளிக்கும் அந்த எழுத்தைப் போட்டு விடுங்க!"

"கொண்டாங்க பெத்தண்ணே. காலை வச்சுப் பார்த்துடுவோம்."

"ஐயையோ! காலை வச்சா உடைஞ்சிடுமே!"

"உடைஞ்சா எழுத்து இல்லே. அவ்வளவுதான்."

பெத்தண்ணன் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனது. செம்மண்ணைக் குழைத்து, மழைக்கு அழியாமலிருக்கப் பிசினும் கலந்தது. முகப்புப் பலகையில், தன் உடம்பு நீளத்துக்கு ஒவ்வோர் எழுத்தாக, 'அ.ஓ. ராஜாளி' என்று எழுதிவிட்டது!

மறுநாள் துறையில் எல்லோரும் ஒதுங்கினார்கள். பெத்தண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "எழுத்துதானே! யார் எழுதினால் என்ன?" என்று சொல்லிக்கொண்டது. யானையம்மா தூரத்தில் வந்தால் மட்டும் ஓடத்தை அவசரமாக நாணலுக்குள் தள்ளிவிடும்.

ஆவணியில் ஒரு நாள் பெருமழை பிடித்துக்கொண்டது. பெத்தண்ணன் ஏரி நடுவில் இருந்த பனந்திட்டில் பழம் ஏற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் மளமளவென்று ஏறியது. அந்தத் திட்டில்தான் ஒரு முயலம்மா தன் குட்டிகளோடு குடியிருந்தாள். அவள் குட்டிகளை மேட்டில் ஏற்றிவிட்டு, "யாராவது வாங்களேன்!" என்று கத்தினாள்.

'அ.ஓ. மீன்கொத்தி' அந்தப் பக்கம் வந்தது. அதை இரண்டு நீர்நாய்கள் ஓட்டி வந்தன.

"அண்ணே, திட்டுல யாரோ கூப்பிடறாங்க!"

"அங்கதான் ஓர் அ.ஓ. நிக்குதே! வடகரையில மான்குட்டிங்க மாட்டியிருக்கு. அங்க விடு!"

மீன்கொத்தி திரும்பிப் போய்விட்டது.

முயலம்மா ராஜாளியிடம் ஓடி வந்தாள். "மகராசன், நல்ல வேளையா இருந்தீங்க! குட்டிகளை ஏத்திக்கங்க!"

பெத்தண்ணன் விழித்தது. பழங்களைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு குட்டியை ஏற்றிப் பார்த்தது. பலகை இடுக்கில் தண்ணீர் பீறிட்டது. குட்டியை மறுபடி கரையில் விட்டது.

"தாங்காதும்மா. இது அரச ஓடமே இல்லே. அந்த எழுத்து நானே எழுதினது."

முயலம்மா மீன்கொத்தி போன திசையைப் பார்த்தாள். "நீங்க இங்க இல்லாட்டி அவங்க வந்திருப்பாங்களே!"

பெத்தண்ணன் குட்டிகளைத் திரும்பிப் பார்த்தது. தான் மட்டும் ஏறிப் போனால் ராஜாளி எப்படியும் கரை சேர்ந்துவிடும். ஆனால் குட்டிகளின் காலடிக்குத் தண்ணீர் வந்துவிட்டது. பெத்தண்ணன் உரக்கக் கத்தியது. மழை இரைச்சலில் குரல் எடுபடவில்லை. எழுத்தைத் தேய்த்தது. பிசின் போட்ட எழுத்து அழியுமா? கடைசியில் முகப்புப் பலகையையே கறக் கறக்கென்று கடித்துத் துப்பத் தொடங்கியது. எழுத்து போயிற்று. பலகையும் போயிற்று. ராஜாளி பாதி முழுகி நின்றது. பெத்தண்ணன் மேட்டுக்குத் தாவி முயல்களோடு நடுங்கியபடி நின்றது.

மான்குட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மூத்த நீர்நாய் திட்டைப் பார்த்தது.

"தம்பி! அங்க நின்ன ஓடத்துல எழுத்தைக் காணோமே!"

"அப்போ அங்க அ.ஓ. இல்லேண்ணே!"

"திருப்பு! சீக்கிரம் திருப்பு!"

மீன்கொத்தி வந்தபோது, குட்டிகளைத் தோளிலும் தலையிலும் தாங்கி நின்ற முயலம்மாவுக்குக் கழுத்தளவு தண்ணீர். எல்லாக் குட்டிகளையும் ஏற்றினார்கள். பெத்தண்ணன் கடைசியாக ஏறியது. அதன் பல்லெல்லாம் செம்மண்.

பிறகு பெத்தண்ணன் புது ஓடம் ஒன்று கட்டியது. யானையம்மா காலை வைத்து அழுத்தினாள். ஓடம் அசையவில்லை.

"காற்றுல ஒரு சுற்று சுற்றி வந்துட்டீங்கன்னா எழுத்துப் போட்டுடலாம், பெத்தண்ணே!"

"வேணாம் ஆனையம்மா. யார் கூப்பிட்டாலும் போற தைரியம் எனக்கு இன்னும் வரலே. வந்ததும் நானே வந்து கேட்கிறேன்."

அன்று துறையில் கூட்டம். பெத்தண்ணன் வரிசையின் கடைசியில் காத்து நின்றது. முன்னால் நின்ற முயலம்மா குட்டிகளை ஓரமாக இழுத்துக்கொண்டு, எழுத்தில்லாத அந்த ஓடத்துக்கு வழி விட்டாள்.

ஒரு பட்டத்தைப் போட்டுக்கொள்ளும் முன், அது கேட்கும் வேலையைச் செய்ய நம்மால் முடியுமா என்று பார்க்க வேண்டும்.