தெய்வானைக்கு ஒரு கல்வெட்டு

யாழ்ப்பாணத்தில் ஒருவர் கண்ணை மூடினால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடக்கும். அன்று சாப்பிட்டுப் புறப்படுகிறவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். கல்லும் கிடையாது, வெட்டும் கிடையாது. அச்சகத்தில் அடித்த பாட்டுப் புத்தகம்தான். இறந்தவர் எந்த ஊர், யாருடைய பிள்ளை, என்ன சீர்சிறப்பு என்று தொடங்கி, பிறகு வரிசையாகப் புலம்பல்கள் வரும். கணவர் புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். பேரன் கனடாவில் பிறந்து, தமிழில் தண்ணீர் கேட்கத் தெரியாதவனாக இருந்தாலும் விருத்தத்தில் புலம்பியே ஆகவேண்டும்.

அங்கே ஒரு கடலோர ஊரில் கல்வெட்டு எழுதிக் கொடுக்கிறவர் மங்கையர்க்கரசி ரீச்சர். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவர், வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கும். அவரிடம் பாட்டுக் கட்டப் பழக வந்த ஒரே மாணவர் சதாசிவம். ஓய்வுபெற்ற தபாலதிபர், அறுபதைத் தாண்டியவர். ரீச்சர் அவரை அண்ணை என்பார். அவர் ரீச்சரை ரீச்சர் என்றுதான் சொல்வார், எழுந்து நின்று சொல்வார்.

அவர் பாட்டுப் படிக்க வந்ததற்குக் காரணம் அவருடைய மனைவி இராசமணி. இராசமணி இறந்தபோது பட்டணத்தில் பெயர் பெற்ற ஒரு புலவரிடம் சொல்லிக் கல்வெட்டு அடித்தார்கள். வழவழப்பான தாளில், முகப்பில் படத்தோடு வந்தது. அந்தியேட்டிக்கு வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு சதாசிவம் அதைப் பிரித்து வாசித்தார். கற்புக்கரசி என்றிருந்தது, குலவிளக்கு என்றிருந்தது. முகப்பில் இருந்தது இராசமணி. உள்ளே இருந்த பெண் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

அவளுக்கு நானே ஒரு பாட்டு எழுதவேண்டும், ஒன்று போதும் என்று அன்று நினைத்தார். மகன் நோர்வேயில். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசுவான். மற்ற நாட்களில் அந்த வீட்டில் பேச்சென்றால் வானொலியில் செய்தி வாசிக்கிறவர் பேசுவதுதான். ஆகவே நேரத்துக்குக் குறைவில்லை. சீர், தளை, எதுகை, மோனை எல்லாம் பழகினார். பஞ்சரான சைக்கிளைப் பற்றிக் கேட்டால்கூட நின்ற நிலையில் ஒரு வெண்பா சொல்வார். இராசமணிக்கு மட்டும் ஒரு வரி வரவில்லை. ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து பார்த்தார். கை ஓடவில்லை.

இப்படி இருக்கையில் நல்லதம்பி என்பவர் ரீச்சர் வீட்டுக்கு வந்தார். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்ந்த மனிதர். அவருடைய அக்கா தெய்வானை இறந்துவிட்டாள். அந்தியேட்டிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

ரீச்சர் சதாசிவத்தைப் பார்த்தார்.

"அண்ணை, இது நீங்கள் எழுதுங்கோ."

சதாசிவம் கடுதாசியை எடுத்துக்கொண்டு, வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்கத் தொடங்கினார்.

"அவவின்ரை கணவர் பேர்?"

"அக்கா கலியாணம் கட்டேல்லை."

"ஓ. அப்ப பிள்ளையள்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான்தான்," என்றார் நல்லதம்பி. "நானும் கட்டேல்லை. அந்த வீட்டில நாங்கள் ரெண்டுபேரும்தான்."

அவர் போனபிறகு சதாசிவம் கடுதாசியைப் பார்த்தார். கணவர் இல்லை, மக்கள் இல்லை, மருமக்கள் இல்லை. புலம்ப ஒரே ஒருவர். வழக்கமான பாட்டுகளில் பெயரை மாற்றிப் போட்டுத் தப்பிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

அடுத்த நாள் காலையில் பரவைக் கடலோரம் போய் உட்கார்ந்தார். புலவர்கள் இப்படித்தான் உட்காருவார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒரு நாய் வந்து அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனது. மத்தியானம் கோயில் கேணிப் படியில் உட்கார்ந்தார். சாயங்காலம் பனங்காணிக்குள் நடந்தார். எதுவும் வரவில்லை என்று சொல்ல முடியாது. நிலா வந்தது, தாமரை வந்தது, காற்றில் அணைந்த விளக்கு வந்தது. இரண்டு நாளில் எட்டுப் பாட்டுத் தேறியது.

ரீச்சர் எட்டையும் வாசித்தார்.

"நல்லாயிருக்கு அண்ணை. தளை தட்டவேயில்லை."

சதாசிவத்துக்கு உச்சி குளிர்ந்தது.

"ஆருக்கு எழுதினது?"

"தெய்வானைக்கு."

ரீச்சர் பெருவிரலால் தெய்வானை என்ற பெயரை மறைத்தார்.

"இப்ப ஆருக்கு?"

சதாசிவம் விரலைப் பார்த்தார். அதைச் சுற்றி நிலாவும் தாமரையும் இருந்தன. யாருக்கும் பொருந்தும். இராசமணிக்கும் பொருந்தும், பட்டணத்துப் புலவர் எழுதியதும் இதேபோல் பொருந்தியது. அவருக்கு முகம் செத்துப்போனது.

"ரீச்சர், ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கோ."

"நீங்கள் எழுதினா வாசிக்கிற சனம் அழுகுது. நானும் அதே சீர்தான் போடுறன், அதே எதுகைதான் போடுறன். நீங்கள் எங்கையிருந்து எடுக்கிறியள்? கடற்கரையோ, கோயிலோ, சொல்லுங்கோ. நானும் அங்கை போய் இருக்கிறன்."

மங்கையர்க்கரசி ரீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். அவர் எழுந்து உள்ளே போனார். மூடி போட்ட ஒரு சட்டியோடு திரும்பி வந்தார்.

"புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் இருக்கு. நல்லதம்பியர் தனிய இருக்கிறார், என்ன சாப்பிடுறாரோ தெரியாது. கொண்டுபோய்க் குடுத்து, நீங்களும் அவரோட இருந்து சாப்பிட்டிட்டு வாங்கோ."

சதாசிவம் சட்டியை வாங்கவில்லை.

"நேற்று அவரின்ரை வீட்டுப் படலையடிக்குப் போனனான் ரீச்சர். ஏதும் கேட்டு எழுதலாம் எண்டு."

"பிறகு?"

"திரும்பி வந்திட்டன்."

"ஏன்?"

"வாசல்ல ரெண்டு கதிரை கிடந்தது. ஒண்டில அவர் இருந்தார். எங்கட வீடு மாதிரியே இருந்தது. இன்னொருக்கா அப்பிடி ஒரு வீட்டுக்குள்ள போக ஏலாது எண்டு வந்திட்டன்."

ரீச்சர் சட்டியை அவர் கையில் வைத்தார்.

"சூடு ஆறமுதல் போங்கோ. கடுதாசியும் பேனையும் இஞ்சை கிடக்கட்டும்."

நல்லதம்பி அவரைக் கண்டதும் எழுந்தார். பாட்டு முடிந்துவிட்டதா என்று கேட்கவில்லை. சட்டியைப் பார்த்து, "ரீச்சர் தந்துவிட்டவவோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம். ரெண்டுபேரும் சாப்பிடட்டாம்."

"தட்டு அடுப்படிக்குள்ள இருக்கு. நான் எடுக்கிறன்."

"நீங்கள் இருங்கோ."

சதாசிவம் அடுப்படிக்குள் போனார். சுத்தமாக இருந்தது. சமைத்துப் பல நாள் ஆன சுத்தம். அவருடைய அடுப்படியும் அப்படித்தான். தட்டு எங்கே என்று அலுமாரியில் தேடிக்கொண்டிருந்தார்.

வாசல் பக்கமிருந்து ஒரு இருமல் கேட்டது.

"என்ன?" என்றார் சதாசிவம்.

அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. இராசமணிக்கு முட்டு வருத்தம், மூச்சிழுப்பு. கடைசி வருடம் முழுக்க அறைக்குள் கிடந்து இருமினாள். வாசலில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அவர் "என்ன?" என்று கேட்பார். "ஒண்டுமில்லை" என்பாள். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்புவார். எழுந்து போய்ப் பார்த்ததில்லை. ஒண்டுமில்லை என்றுதானே சொல்கிறாள் என்று இருந்துவிட்டார். அந்த ஒரு சொல் நாக்கில் இவ்வளவு காலம் கிடந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

சதாசிவம் தட்டுகளோடு வெளியே வந்தார். நல்லதம்பி கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணை? நான் ஏதும் பிழையா..."

"இல்லை. அக்கா அப்பிடித்தான் கேப்பா."

சதாசிவம் மற்றக் கதிரையில் உட்கார்ந்தார்.

"நான் இருமினா, அடுப்படிக்குள்ள இருந்து என்னடா எண்டு கேப்பா. எழும்பி வரமாட்டா. அங்கை இருந்தே கேப்பா. நான் ஒண்டுமில்லை எண்டுவன். அவ்வளவுதான் எங்கட கதை. ஒரு நாளைக்கு வேற கதை ஒண்டும் இராது."

"ம்."

"இப்ப இருமல் வந்தா வாயைப் பொத்துறன்."

"ஏன்?"

நல்லதம்பி அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

"இருமிப்போட்டு, அக்கா கேப்பாவோ எண்டு காது பாத்துக்கொண்டு இருக்கும். அதைத் தாங்க ஏலாது அண்ணை."

புட்டு ஆறிப்போயிருந்தது. இரண்டுபேரும் சாப்பிட்டார்கள். நல்லதம்பி மறுபடி ஒருமுறை இருமினார், இந்தமுறை வாயைப் பொத்தவில்லை. சதாசிவம் பக்கத்திலேயே இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

வெயில் தாழத்தான் சதாசிவம் புறப்பட்டார். வீட்டுக்குப் போய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு உட்கார்ந்தார். கடலும் இல்லை, கேணியும் இல்லை, அடுப்படித் தரைதான். பாட்டு வந்தது. அவர் தேடிப் போகவில்லை, அது நிற்கவுமில்லை. நாலு வரியில் முடிந்தது. படித்துப் பார்க்கப் பயந்து, கடுதாசியை மடித்து வைத்துவிட்டுப் படுத்தார்.

காலையில் சட்டியையும் கடுதாசியையும் ரீச்சரிடம் கொடுத்தார்.

"ஒரு பாட்டுத்தான் ரீச்சர். இதில நிலாவும் இல்லை, ஒண்டும் இல்லை. அடுப்படியும் இருமலும்தான் இருக்கு. கல்வெட்டில போடலாமோ தெரியாது."

ரீச்சர் வாசித்தார்.

இருமினால் என்னவென்பாய் அடுப்படியில் இருந்தபடி
ஒருமுறையும் எழுந்துவந்து பார்த்ததில்லை, குறையில்லை.
இருமலின்று வருகுதக்கா, வாய்பொத்தி இருக்கின்றேன்;
ஒருவருமே கேளாமல் ‘ஒன்றுமில்லை’ யார்க்குரைப்பேன்?

வாசித்துவிட்டு ரீச்சர் கடுதாசியை மடித்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்தார். பெருவிரலை எந்தப் பெயரின்மேலும் வைக்கவில்லை. அந்தப் பாட்டில் பெயரே இருக்கவில்லை.

"இதை இண்டைக்கே அச்சகத்துக்குக் குடுப்பம். இது ஒண்டே காணும், வேற பாட்டு வேண்டாம்."

சதாசிவம் மூச்சு விட்டார். பிறகு அவருக்குத் தன் கவலை வந்தது. இதற்காகத்தானே இத்தனை காலம் இங்கே வந்துபோகிறார்.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. இது நல்லதம்பியர் தந்த பாட்டு. அவர் சொன்னதை அப்பிடியே எழுதினன், என்ரை எண்டு இதில ஒண்டுமில்லை. இராசமணிக்கு ஒண்டு எழுதவேணும். அவவுக்கு நான் ஆரைப் போய்க் கேக்கிறது?"

ரீச்சர் கடுதாசியை மறுபடி விரித்தார்.

"இதில இருக்கிறதெல்லாம் அவர் சொன்னதுதானோ?"

"ஓம். ஒவ்வொரு சொல்லும்."

"அடுப்படியில இருந்து கேக்கிறது?"

"அவர் சொன்னது."

"எழும்பி வராதது?"

"அதுவும் அவர் சொன்னதுதான்."

"வாயைப் பொத்துறது?"

"ஓம்."

ரீச்சர் இரண்டாவது வரியின் கடைசிச் சொல்லில் விரலை வைத்தார்.

"குறையில்லை எண்டு சொன்னவரோ?"

சதாசிவம் வாயைத் திறந்தார். நேற்றுக் கேட்டதை எல்லாம் ஒருமுறை மனதுக்குள் ஓடவிட்டுப் பார்த்தார். எழும்பி வரமாட்டா என்று நல்லதம்பி சொன்னார். அது குறையா இல்லையா என்று அவர் சொல்லவே இல்லை.

"இல்லை," என்றார்.

"அப்ப அது ஆரின்ரை சொல்லு அண்ணை? ஆர் சொல்லிக் கேக்கவேணும் எண்டு எழுதினனீங்கள்?"

சதாசிவத்துக்குப் பதில் தெரிந்திருந்தது. வாசலில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு எழும்பாமல் இருந்தவருக்கு, அறைக்குள் இருமிக்கொண்டு கிடந்தவள் சொல்லவேண்டிய சொல் அது. ரீச்சர் மேசையிலிருந்து ஒரு வெற்றுத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போனார்.