ஏழூர் வாசலில் ஒரு கிழவர்

எழுத்தால் மட்டுமே ஆன விளையாட்டுகள் சில இணையத்தில் உண்டு. படம் கிடையாது, பாட்டு கிடையாது. "வடக்கே போ" என்று தட்டினால் வடக்கே போய்விடுவீர்கள். அங்கே என்ன இருக்கிறது என்று நாலு வரி வந்து விழும். மீதியை உங்கள் மனசுதான் வரைந்துகொள்ள வேண்டும். அதே நேரத்தில் இன்னும் நூறு பேர் அவரவர் வீட்டில் இருந்தபடி அதே ஊருக்குள் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களோடு பேசலாம், வியாபாரம் பண்ணலாம், சண்டையும் போடலாம்.

இந்த விளையாட்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே வந்து திருதிருவென்று முழிப்பவனுக்கு யார் முதலில் நடக்கச் சொல்லிக்கொடுக்கிறாரோ, அவர்தான் அவனுக்கு ஆயுசுக்கும் ஆசான். வயசையோ படிப்பையோ யாரும் பார்ப்பதில்லை.

அப்படித்தான் ஐம்பத்தைந்து வயசு வெயிலுமுத்துவுக்கு, முப்பதைத் தாண்டாத ஜெசிந்தா ஆசான் ஆனாள். அவர் தூத்துக்குடியில் உப்பு லாரிகளை எடை போடும் மேடையில் வேலை பார்த்தார். அவள் ரயிலடிக்கு எதிரே ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் இருந்தாள். வருஷக்கணக்கில் எழுத்தில் மட்டுமே பழகியவர்கள் முதல்முறை நேரில் பார்த்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருந்தாலும் அவர் அவளை ஆசான் என்பதை விடவில்லை. அவளும் அவரை அண்ணாச்சி என்பதை விடவில்லை.

அவர்கள் பழகிய விளையாட்டின் பெயர் கோட்டைமேடு. ஜெசிந்தா அதிலிருந்து என்றைக்கோ போய்விட்டாள். எங்கே போனாள் என்று அவர் கேட்டதில்லை. வெயிலுமுத்து போகவில்லை. அவருக்கு அங்கே ஒரு குழு இருந்தது, பதினாலு பேர். அவர்தான் தலைவர். திடீரென்று ஒருநாள் நடத்தியவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று கோட்டைமேட்டை இழுத்து மூடிவிட்டார்கள். பதினாலு பேரும் ஊர் இல்லாதவர்கள் ஆனார்கள்.

விளையாட்டுத்தானே என்று வெளியே இருப்பவர்கள் சொல்லலாம். அந்தப் பதினாலு பேரில் எட்வின் என்று ஒருவன். ஆறுமுகநேரியில் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் படுத்துக் கிடப்பவன். வாயால் சொல்லச் சொல்ல அவன் அம்மா ஃபோனில் தட்டுவாள். அவன் நடந்தது கோட்டைமேட்டில் மட்டும்தான்.

எல்லோரும் சேர்ந்து வெயிலுமுத்துவிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். தலைவர் எந்த விளையாட்டைச் சொல்கிறாரோ அதில் ஒன்றாக இறங்குவது என்று பேச்சு. தப்பான இடத்தில் இறங்கினால் ஆளுக்கு ஒரு பக்கம் சிதறிவிடுவார்கள், பிறகு சேர்க்கவே முடியாது. இது அவருக்கு நன்றாகத் தெரியும். சாப்பாடு இறங்கவில்லை.

லாட்ஜுக்கு வந்து ஜெசிந்தாவின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு மூச்சு விடாமல் பேசினார். ஒரு விளையாட்டு இலவசம் என்று கூப்பிடுகிறது, உள்ளே போனால் செருப்புக்குக்கூடக் காசு கேட்கிறது. இன்னொன்று நிஜமாகவே இலவசம், ஆனால் இருப்பதே நாலு தெரு. மற்றொன்றில் தெரு ஏராளம், சண்டை சப்பென்று இருக்கிறது. இப்படியே வரிசையாகக் குறை சொல்லிக்கொண்டு போனார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட மனுஷன் இவ்வளவு குறை கண்டிருக்க மாட்டார்.

கடைசியில் கேட்டார். "எதைத் தேர்ந்தெடுக்கட்டும் ஆசான்?"

ஜெசிந்தா, அறையைக் காலி பண்ணிக்கொண்டு போகிற ஒருவரிடம் சாவியை வாங்கி மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"ஏழூர்னு ஒண்ணு இருக்கு. இலவசம். போயிப் பாருங்க. வாசல்ல முதல்ல யாரு இருக்காங்களோ அவங்ககிட்டக் கேளுங்க, எங்க ஆளுங்க பதினாலு பேரு வரலாமான்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வெயிலுமுத்துவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆசான் பக்கம் பக்கமாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்து வந்தவர். சரி என்று போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவர் வந்தபோது முகத்தில் தெளிவு இருந்தது. ஜெசிந்தா மேசையில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். ஃபோன் கவிழ்ந்து கிடந்தது. அவள் முகம் சரியில்லாமல் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

ஏழூர் அருமை என்றார். எட்டுத் திசைக்கும் பாதை, ஏகப்பட்ட தொழில், யாரும் காசு கேட்கவில்லை. முக்கியமாகச் சண்டை பிரமாதம். அடிக்கு அடி எதிராளியின் உயிர் எவ்வளவு குறைகிறது என்பதுவரை எண்ணில் வருகிறது.

"வாசல்ல கேட்டீங்களா?" என்றாள் அவள்.

"வாசல்ல ஆளே இல்லை ஆசான். ஒரு கிழவன் பொம்மை உக்காந்திருந்துச்சு. சண்டை எப்படி இருக்குன்னு பாக்க அதைத்தான் அடிச்சுப் பாத்தேன். நாலு அடிக்குத் தாங்கலை."

அவள் கவிழ்ந்து கிடந்த ஃபோனை ஓரமாகத் தள்ளினாள்.

இந்த விளையாட்டுகளில் விளையாட்டே நிறுத்தி வைக்கிற ஆட்கள் உண்டு. காவல்காரன், கடைக்காரன், பிச்சைக்காரன் என்று. உயிர் கிடையாது, சொல்லிக்கொடுத்ததைச் சொல்வார்கள். அடித்தால் விழுந்து கொஞ்ச நேரத்தில் எழுந்துகொள்வார்கள். அவர்களைப் பொம்மை என்பார்கள். புது இடத்துக்குப் போகிற பழைய கைகள் முதலில் ஒரு பொம்மையை அடித்துப் பார்ப்பது சாதாரணம். யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை.

"உங்க ஃபோன்ல அது இன்னும் இருக்கா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"எது?"

"நேத்து நடந்தது. மேல தள்ளிக்கிட்டே போயி, வாசல்லயிருந்து படிங்க."

படிக்க அதில் என்ன இருக்கிறது என்றார் அவர். அந்தந்த நேரத்தில் பார்த்ததுதானே என்றார். நிஜத்தில் அவர் பார்த்தது எண்களை மட்டும்தான். திரையின் ஓரத்தில் எதிராளிக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று ஒரு எண் இறங்கிக்கொண்டே வரும். தேர்ந்த கைகளுக்கு அது போதும். வருகிற வரிகளை எல்லாம் உட்கார்ந்து படிப்பவனை அவர்கள் கத்துக்குட்டி என்று கேலி பண்ணுவார்கள். வெயிலுமுத்து ஒரு தடவை தட்டினால் கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டு நாலு அடி தானாகப் போகிற மாதிரி பொத்தான் வேறு செய்து வைத்திருந்தார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

"படிங்க அண்ணாச்சி. வாய்விட்டுப் படிங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"நீங்கள் ஏழூர் வாசலில் நிற்கிறீர்கள். இங்கே ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார். கையில் எதுவும் இல்லை."

அவள் தலையசைத்தாள்.

"கிழவர் சொல்கிறார்: வாங்க அண்ணாச்சி. வழி சுலபமா இருந்துச்சா?"

வெயிலுமுத்து நிறுத்தினார். திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"மேல படிங்க."

"நீங்கள் கிழவரைத் தோளில் அடிக்கிறீர்கள். கிழவர் சொல்கிறார்: அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. இங்க செத்தா செத்ததுதான். அந்தப் பேருல திரும்ப வர முடியாது."

அவர் குரல் இறங்கிவிட்டது. "நீங்கள் கிழவரை விலாவில் அடிக்கிறீர்கள். நீங்கள் கிழவரை நெற்றியில் அடிக்கிறீர்கள். கிழவர் சொல்கிறார்: அண்ணாச்சி, நாந்தான்."

அதற்கு அடுத்து இரண்டு வரி இருந்தது. அதை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. நெஞ்சில் அடி, கிழவர் இறந்தார் என்று இருந்தது.

ஃபோனை மேசையில் வைக்கப் போனவர், வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். ஜெசிந்தா தண்ணீரை ஊற்றி நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நீங்களா?" என்றார்.

அவள்தான். ஆறேழு வருஷமாக அந்தக் கிழவர் அவள்தான். ஏழூரில் வாசலுக்கு எப்போதும் ஒரு நிஜ ஆள் உண்டு. வருகிற புதியவர்களோடு பேசுவதும் வழி சொல்வதும் அவர் வேலை. அந்த இடத்தில் உட்காருபவர் தன் ஆயுதம், கவசம், சேர்த்த பலம் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். லாட்ஜில் வேலை இல்லாத நேரமெல்லாம் அவள் அங்கே இருந்தாள்.

"ஓடியிருக்கலாமே ஆசான். ஒரு அடி திருப்பி அடிச்சிருக்கலாமே."

"நீங்களும் அப்பதான் உள்ள வந்திருக்கீங்க. பலம் சேர்ந்திருக்காது. திருப்பி அடிச்சா நீங்க செத்துப் போயிருவீங்க. ஓடவும் தோணலை. இப்பப் படிச்சிருவாரு, இப்பப் படிச்சிருவாருன்னே இருந்தேன்."

நேற்று கிழவர் இறந்தார் என்ற வரி வந்ததும், சாவி கேட்டு வந்தவருக்கு வேறு அறையின் சாவியைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். இவ்வளவு வருஷத்தில் அவளுக்கு அப்படி நடந்ததில்லை.

நடத்துகிறவர்களிடம் சொல்லி எழுப்பித் தரச் சொல்லலாமே என்று வெயிலுமுத்து தவித்தார். தானே போய்க் காலில் விழுகிறேன் என்றார். அவர்களே வந்து கேட்டார்கள் என்றாள் அவள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். ஏழூரில் செத்த யாரையும் இதுவரை எழுப்பியதில்லை, தனக்கு மட்டும் எப்படிக் கேட்பது என்றாள்.

பிறகு கவிழ்த்து வைத்திருந்த தன் ஃபோனைத் திருப்பிக் காட்டினாள். அவளால் ஏழூருக்குள் இப்போது பேச முடியாது, பார்க்க மட்டும்தான் முடியும். வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. உழுதுகொண்டிருந்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள், கப்பல் ஓட்டப் போனவர்கள் எல்லோரும் போட்டது போட்டபடி வாசலுக்கு வந்திருந்தார்கள். ஆள் ஆளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிழவர் அவனை என்ன செய்தார்? அவன் ஏன் கொன்றான்? யாருக்கும் பதில் தெரியவில்லை. இந்த முறை வெயிலுமுத்து ஒரு வரி விடாமல் படித்தார்.

படித்து முடித்ததும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வேற ஏதாவது விளையாட்டு சொல்லுங்க ஆசான். எட்வினையும் மத்தவங்களையும் அங்க கொண்டு சேத்துட்டு நான் விலகிக்கிடுதேன். இனிமே எந்த முகத்தை வச்சிக்கிட்டு நான் ஏழூருக்குப் போவேன்?"

"வாசல்ல ஆள் இல்லை அண்ணாச்சி. நேத்துலயிருந்து வர்றவங்க யாருகிட்டக் கேக்கன்னு தெரியாம நிக்காங்க."

வெயிலுமுத்து பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"நான் உக்காரவா? கொன்னவன் நான். அங்க உள்ளவங்க என்னைய விடுவாங்களா?"

"எல்லாத்தையும் இறக்கி வச்சிட்டு, நடந்ததைச் சொல்லிட்டு உக்காருங்க. விட்டாலும் விடுவாங்க."

"அடிச்சா?"

"அடிச்சா, பொறுங்கன்னு சொல்லுங்க."

வெயிலுமுத்து கையைப் பிசைந்தார். அந்தப் பதினாலு பேரும் தன்னை நம்பிக் காத்திருக்கிறார்கள் என்றார். இன்றைக்குள் பதில் சொல்வதாக எட்வினின் அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அவளிடம் என்னவென்று சொல்வது என்று கேட்டார்.

"ஏழூர்னு சொல்லுங்க. எல்லாரையும் வரச் சொல்லுங்க," என்றாள் ஜெசிந்தா. "நானும் புதுசா ஒரு பேரு வச்சிக்கிட்டு வருவேன். என்ன பேருன்னு உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்."