ஆறடித் தொட்டி

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு அறுபது முடிந்து மூன்று நாள்.

குருவின் பெயர் செலின். கொளத்தூரில், தொட்டியில் வளர்க்கும் கடல்மீன்களை விற்கும் கடை வைத்திருந்தாள். சீடர் அறவாழி, அரசுப் பள்ளியில் முப்பது வருடம் வேதியியல் நடத்திவிட்டு அந்த வாரம்தான் ஓய்வு பெற்றிருந்தார். தனக்கு எதையாவது கற்றுக்கொடுப்பவர் யாராக இருந்தாலும் அவர் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். வயதெல்லாம் பார்ப்பதில்லை.

இளவயதில் ஒருமுறை பாம்பன் பக்கம் படகில் போனபோது, தெளிந்த தண்ணீருக்கு அடியில் பவளத்தைப் பார்த்தவர் அவர். வீட்டிலேயே ஒரு கடல் தொட்டி வைக்க வேண்டும் என்று அன்று பிடித்த ஆசை. மாறுதல், வாடகை வீடு, கடன் என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இப்போது சொந்த வீடு இருக்கிறது, பொழுதும் இருக்கிறது. ஒரு நாள்கூடப் பொறுக்க முடியாது என்பதுபோல் கடைக்குள் நுழைந்தார்.

செலினின் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன்கள் இருந்தன. ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. அங்கேயே முட்டையிலிருந்து வெளிவந்து வளர்ந்தவை. அவற்றைப் பார்த்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்தக் கடையில ஒரு வழக்கம் இருக்கு சார்," என்றாள் செலின். "ஒருத்தருக்கு ஒரு ஜோடிதான். சாகடிச்சிட்டு வந்து நின்னா மறுபடி குடுக்க மாட்டேன்."

"நானா சாகடிப்பேன்? வீட்டுக்கு எது சரிப்படும்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். சின்னத் தொட்டியா, பெருசா?"

செலின் நாற்பது லிட்டர் தொட்டி ஒன்றைத் துடைத்து எடுத்தாள். உப்புப் பொட்டலம், உப்பை அளக்கும் கருவி, கட்டைவிரல் அளவில் ஒரு மென்பவளம்.

"இது என் தொட்டியில கிளைவிட்டது. ஒரு மாசம் வெச்சிருங்க. மீன் அப்புறம்."

"ஒரு மாசமா?"

அவள் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

வீட்டில் அந்தப் பவளம் விரிந்தபோது அறவாழி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். குட்டிக் குட்டி விரல்கள் தண்ணீரில் அசைந்தன. காபி ஆறியது. முதல் நாளில் மட்டும் மனைவி மங்கையர்க்கரசியைப் பதினொரு முறை கூப்பிட்டார். பதினொரு முறையும் அவள் தையலை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள், பார்த்தாள், திரும்பிப் போய்த் தைத்தாள்.

நான்காம் நாள் பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. அறவாழி உடனே கடைக்குப் போன் போட்டார்.

"தொட்டியில தண்ணி குறைஞ்சதா?" என்று கேட்டாள் செலின்.

"தினமும் கொஞ்சம் குறையுது. குறைஞ்ச அளவுக்கு உப்புத் தண்ணி கலக்கி ஊத்திட்டேன்."

"தண்ணி ஆவியாப் போவும் சார். உப்பு எங்க போவும்?"

ஆவியாதல் பாடத்தை முப்பது வருடம் நடத்தியவர் போனைக் காதில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டார். இந்தக் கேள்விக்குத் தவறாகப் பதில் எழுதிய பையன்களுக்கு அவர் போட்ட முட்டைகளுக்குக் கணக்கே கிடையாது. அன்று முதல் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினார். இரண்டு நாளில் பவளம் மறுபடி விரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து இனிப்பு வாங்கினார்.

மாதம் முடிந்த அன்று கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். வாயெல்லாம் பல். கையில் இரும்பு அளவு நாடா.

"முடிவு பண்ணிட்டேன் டீச்சர். சின்னது சரிப்படாது. தொட்டா சிணுங்குது. ஒரு சொம்பு தப்பாப் போச்சுன்னா அன்னிக்கே முகத்தைத் திருப்பிக்குது. பெருசுன்னா எவ்வளவு தண்ணி! நம்ம தப்பு அதுல கரைஞ்சு போயிடும்."

"கரையும் சார்," என்றாள் செலின். "நான் மொதல்ல வெச்சது ஆறடித் தொட்டிதான். நானும் உப்புத் தண்ணிதான் ஊத்தினேன்."

"நீங்களுமா?" அறவாழிக்கு அதில் அப்படியொரு ஆனந்தம்.

"மறுநாள் பார்த்தேன், பவளம் விரிஞ்சிருந்துச்சு. பத்தாம் நாளும் விரிஞ்சிருந்துச்சு. இருபதாம் நாளும் அப்படியேதான். பெரிய தொட்டி, தாங்கும்னு நான் உப்பை அளக்கவே இல்ல."

"அப்புறம்?"

"நாப்பத்தோராம் நாள் காலைல ஷட்டரைத் தூக்கினேன். பதினேழு மீன். ஒண்ணுகூட மிஞ்சல."

அறவாழி கோமாளி மீன்களைப் பார்த்தார். ஒன்றையொன்று உரசிக்கொண்டு அவை கண்ணாடி ஓரமாக வந்து நின்றன.

"அப்ப சின்னதையே வெச்சுக்கவா?"

"பெருசும் நல்லதுதான். தினமும் அளந்து பார்க்கிறவங்களுக்கு. எங்க வைக்கப் போறீங்க?"

அவர் முகம் மறுபடி மலர்ந்தது. நாடாவை ஆறடிக்கு இழுத்துக் காட்டினார்.

"ஹால்ல, ஜன்னல் பக்கம். அளந்து செஞ்சாப்பல இடம். உள்ள வர்றவங்க செருப்பைக் கழட்டும்போதே கடல் தெரியும் டீச்சர்."

"இப்ப அங்க என்ன இருக்கு?"

"மங்கையோட தையல் மிஷின். அதை மாடிப்படிக்குக் கீழ தள்ளிடலாம்."

"அங்க வெளிச்சம் வருமா?"

"பல்பு போட்டுக்கலாம்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"மங்கையா?" அறவாழி சிரித்தார். "அவ ஒண்ணும் சொல்லல. கல்யாணம் ஆகி முப்பத்துநாலு வருஷம், நான் எது செஞ்சாலும் அவ ஒண்ணும் சொன்னதில்ல. தங்கமானவ."

செலின் மீன்களுக்குக் கொஞ்சம் தீனி தூவினாள். டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள்.

"என் ஆறடித் தொட்டியும் நாப்பது நாள் ஒண்ணும் சொல்லல சார்."

அறவாழியின் கையிலிருந்த நாடா சரசரவென்று சுருண்டு உள்ளே போனது.