நண்டு தன் வாலை முறித்த கதை

அந்தக் காலத்தில், வயலில் இருந்த உயிர்கள் எல்லாம் வாய் திறந்து வழக்காடிய நாளில், நண்டுக்கு வால் பின்னால் நீண்டிருந்தது. வளையாத, ஒரே துண்டான வால். அதை வீசித்தான் நண்டு தண்ணீரில் நேராக நீந்தும். அந்த நீச்சலில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வயலுக்கு நாட்டாமை ஒரு நாரை. அவர் வைத்த சட்டம் ஒன்றுதான்: மண்ணில் பட்ட முட்டை நாட்டாமைக்கு. வயலில் இருப்பவர்கள் வேறு எங்கே போய் முட்டையிடுவார்கள்? அநியாயம்தான். ஆனால் கேட்க ஆளில்லை.

செங்காயி என்ற நண்டு இரண்டு முறை சேற்றில் முட்டையிட்டு, இரண்டு முறையும் பறிகொடுத்தாள். மூன்றாம் முறை வயிறு கனத்தபோது பக்கத்து வரப்புத் தவளை ஆறுதல் சொல்ல வந்தாள்.

"போனா போகுதுன்னு விடுடி. அடுத்த மழைக்கு இன்னும் நூறு போட்டுக்கலாம்."

"அந்த நூறு எனக்கு வேணாம். இந்தப் பிள்ளைங்கதான் வேணும்" என்றாள் செங்காயி.

நேராக மடையோரக் கல்லுக்குப் போனாள். வாலைக் கல்லின் விளிம்பில் வைத்து அழுத்தினாள். சடக்கென்று முறிந்தது. வலியில் உயிரே போனது.

"ஐயையோ, இனிமே எப்படிடி நீந்துவே?" என்று தவளை கத்தினாள்.

செங்காயி நிறுத்தவில்லை. ஆறு இடத்தில் முறித்தாள். ஏழு துண்டும் தோலில் ஒட்டிக்கொண்டு மடங்கின. வாலை வயிற்றுக்கு அடியில் மடித்து, அந்த மடிப்புக்குள்ளேயே முட்டையிட்டாள். ஒன்றுகூட மண்ணில் படவில்லை.

நாரை வந்தார். "முட்டை எங்கே?"

"என் வயித்தோட இருக்குங்க, நாட்டாமை. மண்ணுல படலை. உங்க சட்டப்படி உங்களுக்கு இல்லை."

"வாலை விரி!"

"விரிக்க மாட்டேன்."

"சட்டத்தை மாத்திடுவேன்!"

"மாத்திக்கோ. முடிஞ்சா நீயே வந்து விரிச்சுப் பாரு."

நாட்டாமையை 'நீ' என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். நாரை கோபத்தில் குனிந்து அவள் வயிற்றடியில் அலகை நுழைத்தார். செங்காயி கொடுக்கால் அலகைக் கவ்விக்கொண்டாள். நாரை உதறினார், சிறகடித்தார், கடைசியில் கெஞ்சினார். வயலே கூடி வேடிக்கை பார்த்தது. அவள் விட்டதும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று பறந்தார்.

செங்காயியின் புருஷனும் வீறாப்பாகத் தன் வாலை முறித்து மடித்துக்கொண்டான். சுமக்க ஒன்றுமில்லை, அதனால் அவன் வால் குறுகிப்போனது. அவளுடையது பிள்ளைகளுக்கு இடம் கொடுத்து அகன்றது. பழைய நீச்சல் அவளுக்குத் திரும்பவில்லை. அதற்காக அவள் ஒருநாளும் அழவில்லை.

அன்றைக்கு மடித்த வாலை நண்டு இன்றுவரை நீட்டவில்லை. மல்லாத்திப் பாருங்கள், வயிற்றில் ஏழு துண்டும் வரிவரியாகத் தெரியும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், விரிக்கப் போனால் கொடுக்கு உங்கள் விரலைத் தேடி வரும்.