விழுந்ததைக் கொண்டுவந்த மிளகு

துப்பாக்கி என்ற சொல்லே பிறக்காத காலம் அது. கரட்டுமலை நாட்டை வேங்கையன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். அவனுக்குக் கௌதாரி வேட்டை என்றால் உயிர். அவன் வேட்டைக்கு வந்தால் கௌதாரிகளுக்கும் கவலை இல்லை. அவனுடைய அம்பு அவற்றில் ஒன்றின் மேலும் பட்டதே கிடையாது.

இது அரசனுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? அம்பு வில்லை விட்டதுமே அமைச்சர் மதுரவாணர் "விழுந்தது" என்பார். கூட வந்தவர்களும் "விழுந்தது, விழுந்தது" என்பார்கள். அது அந்த நாட்டு வழக்கம். "விழுந்ததை ஏன் காணோம்?" என்று அரசன் கேட்டால், "நாய் சரியில்லை அரசே" என்பார்கள். குறி தப்பியது ஒருவருக்கு, வேலை போனது ஊரிலுள்ள நாய்களுக்கெல்லாம். இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்கள்.

கடைசியில் மிளகு என்ற கறுப்பு நாய்க்குட்டியை, நாய் பழக்கும் பேச்சி என்பவளிடம் கொடுத்தார்கள்.

"பக்கத்து நாட்டு அரசர் வேட்டைக்கு வரப்போகிறார். அவர் முன்னால் இந்த நாயும் பறவையைக் கொண்டுவராவிட்டால், நாயோடு நீயும் மலையைவிட்டு இறங்கிவிட வேண்டும்" என்றான் அரசன்.

பேச்சி மூன்று பாடம் வைத்தாள். சும்மா உட்கார். விழுவதைப் பார். விழுந்ததைப் பல் படாமல் கொண்டு வா. மூன்றாம் பாடத்துக்குக் கோழிமுட்டையை வாயில் கொடுத்தாள். மிளகு முதல் முட்டையைத் தின்றது. அடுத்ததையும் தின்றது. போகப் போக, முட்டையை விரிசல் விடாமல் தூக்கிவரப் பழகிவிட்டது.

மதுரவாணர் வந்து பார்த்தார். "இந்தாம்மா, 'விழுந்தது' என்று நாங்கள் சொன்னதும் நாய் ஓட வேண்டும். அதைப் பழக்கு."

"பறவை விழுந்தால் ஓடும், ஐயா."

"அரசர் எய்தால் விழுந்ததாகத்தான் அர்த்தம்."

"அந்த அர்த்தம் பறவைக்குத் தெரியணுமே."

அவளிடம் பேசிப் பயனில்லை என்று அமைச்சரே குட்டியைப் பழக்கக் கிளம்பினார். "விழுந்தது" என்பார். ஓடிப்போய் எதைக் கவ்விவந்தாலும் ஒரு துண்டு ஆட்டுக்கறி கொடுப்பார். எந்த நாய்தான் இந்தப் பாடத்தில் தேறாது?

விருந்தாளி அரசர் வந்தார். பேச்சி மிளகோடு ஓரமாக நின்றாள். புதரிலிருந்து கௌதாரி எழும்பியது. வேங்கையன் எய்தான். "விழுந்தது" என்றார்கள். மிளகு பக்கத்துக் குடிசைப்பக்கம் ஓடி ஒரு முட்டையோடு வந்தது. "அரசரின் அம்புக்கு அஞ்சி, கௌதாரி பழையபடி முட்டைக்குள் போய்விட்டது" என்றார் மதுரவாணர்.

இரண்டாம் அம்பு. "விழுந்தது." மிளகு உயிரோடு ஒரு பெட்டைக்கோழியைக் கொண்டுவந்தது. பின்னாலேயே கோழிக்காரி வந்தாள்.

"கௌதாரி பயத்தில் பருத்துவிட்டது" என்றார் அமைச்சர்.

"பருத்ததா? அடைக்கு உட்கார்ந்த கோழியைத் தூக்கிவந்துவிட்டு என்னய்யா பேச்சு? இத்தனை ஆம்பிளைகள் நிற்கிறீர்களே, ஒருத்தருக்குக்கூடவா கண் இல்லை?"

அவள் பிடித்த பிடியில் ஒருவருக்கும் வாய் எழவில்லை. அந்த நேரம் பார்த்து மூன்றாவது கௌதாரி எழும்ப, அரசன் எய்துவிட்டான். யாரும் எதுவும் சொல்லவில்லை. மிளகு சும்மா உட்கார்ந்தது. விழுவதைப் பார்த்தது. மெல்லப் போய், விழுந்ததைப் பல் படாமல் எடுத்துவந்து அரசன் காலடியில் வைத்தது.

அம்பு. அதில் ஒரு கௌதாரி இறகு இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

மதுரவாணர் வாயைத் திறந்தார். அரசன் கையைக் காட்டி அடக்கினான்.

"பறவை எங்கே, பேச்சி?"

"பறந்துபோய்விட்டது, அரசே."

"முதல் இரண்டும்?"

"அவையும்தான்."

"இத்தனை வருஷமாக நான் எய்தவை?"

"எல்லாம் நலமாக இருக்கின்றன, அரசே. குஞ்சு குட்டியோடு."

விருந்தாளி வேறு பக்கம் திரும்பி இருமினார்.

"பறவை வராவிட்டால் மலையைவிட்டு இறங்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன்" என்றான் வேங்கையன். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"முதலில் ஒன்று விழட்டும் அரசே. அதை இது கொண்டுவராவிட்டால் நாங்களே இறங்கிவிடுகிறோம்."

மறுநாளே அரசன் வைக்கோல் பொம்மை ஒன்றை நட்டு எய்து பழகினான். தப்பிய அம்பையெல்லாம் மிளகு தூக்கிவந்து காலடியில் வைத்தது. கூட்டத்துக்குப் பேச்சியின் முதல் பாடம் மட்டும் விதிக்கப்பட்டது: சும்மா உட்கார். மதுரவாணருக்குத்தான் அதில் தேற ரொம்ப நாள் பிடித்தது.

அடுத்த அறுப்புக் காலத்தில் ஒரு கௌதாரி உண்மையிலேயே விழுந்தது. யாரும் கத்தவில்லை. மிளகு தானாகவே போய், ஓர் இறகு கலையாமல் கொண்டுவந்தது.

குறி தப்பியதைச் சொல்ல அருகில் ஆளில்லாதவனுக்குக் குறி ஒருநாளும் வாய்க்காது.