நெய்க்கிடங்கில் வாணம்

புஞ்சைக்கோட்டை ராஜா மகுடவர்மனுக்குத் திடீர் திடீரென்று ஆசை வரும். போன வருஷம் யாழ். ஊரே காதைப் பொத்திக்கொண்டு பொறுத்துப் போனது. இந்த வருஷம் வாணம்!

"தேர்த்திருவிழாவில் ஆகாயத்தில் விரியும் வாணம் என் கையால் செய்ததாக இருக்க வேண்டும்" என்றார். "அரண்மனை நெய்க்கிடங்கு பாதி காலிதானே? இன்றைக்கே அங்கே ஆரம்பிப்போம்."

வாணக்காரி பேச்சியம்மாளை அழைத்து வந்தார்கள். நாட்டிலேயே வாணம் செய்ய உரிமை ஓலை வாங்கிய ஒரே பெண் அவள்.

"நெய் இருக்கிற இடத்துல நான் வெடிமருந்தைத் தொடமாட்டேன், ராஜா. கத்துக்க ஆசைன்னா ஊருக்கு வெளியே என் கொட்டகைக்கு வாங்க. ஓலையும் வாங்கணும்."

அமைச்சர் சொக்கராயர் சீறினார். "ராஜாவுக்கே ஓலையா? சட்டமெல்லாம் குடிமக்களுக்கு! நெய்க்கிடங்கு பத்திரமான இடம், நான் சொல்கிறேன். இவள் மறுத்தால் இவளுடைய ஓலையைக் கிழித்துப் போடலாம், மகாராஜா."

ராஜா தலையாட்டிவிட்டார். "குமுதவல்லி, எழுது!"

அரண்மனைச் சாசனங்களை எழுதும் குமுதவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரியாகச் சொன்னவளுக்குத் தண்டனை, தப்பாகச் சொன்னவருக்குத் தலையாட்டலா? இது எந்த ஊர் நியாயம்? ஆனால் ராஜாவிடம் முட்டி மோதினால் பேச்சியம்மாளின் பிழைப்புதான் போகும். எழுத்தாணியை எடுத்தாள், முகத்தில் சிரிப்பையும் வரவழைத்துக்கொண்டாள்.

"அப்படியே எழுதுகிறேன், மகாராஜா. அமைச்சர் சொல்வது சரி, ராஜாவுக்குச் சட்டம் எதற்கு? வாணக்காரர்களின் வழக்கம் ஒன்று மட்டும் பாக்கி. அது சட்டமில்லை, மரியாதை. அப்படித்தானே, பேச்சியம்மா?"

"ஆமாம். புது இடத்துல முதல் மருந்து கலக்கும்போது, அந்த இடம் பத்திரம்னு சொன்னவர் பக்கத்துல சம்மணம் போட்டு உட்காரணும். கலந்து முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது."

"அட, நல்ல வழக்கம்!" என்றார் ராஜா. "சொக்கராயரே, வந்து உட்காரும்!"

அமைச்சர் ஓரடி பின்வாங்கினார். "நானா? அங்கே... நெய் இருக்கிறதே, மகாராஜா."

"பாதிதானே?" என்றாள் குமுதவல்லி.

"கொஞ்சம் நெய்யே போதும் அம்மா! முதலில் இடத்தை மாற்றுங்கள். ஊருக்கு வெளியே, கூரை வீடுகளுக்கு எட்டாத தூரத்தில்."

"சரி, மாற்றுவோம். அங்கே உட்காருவீர்களா?"

"இந்தப் பட்டு அங்கவஸ்திரத்தோடா? உரசினால் பொறி பறக்குமே! எல்லோரும் பருத்திதான் கட்ட வேண்டும். இரும்புக் கரண்டி கூடவே கூடாது, மரக்கரண்டி! விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்த் தொட்டி. ஒரு வேளைக்கு ஒரு பிடி மருந்து, அதற்கு மேல் கிடையாது!"

"கலப்பது யார்?"

"முறையாகக் கற்று, ஓலை வாங்கியவர் மட்டும்!" என்று அலறினார் அமைச்சர். "வேறு யார் தொட்டாலும் நான் அங்கே உட்காரமாட்டேன்!"

எழுத்தாணி நின்றது. "முடிந்தது, மகாராஜா. நம் நாட்டு வாணச் சட்டம் மொத்தமும் இதுதான். ஒரு வரிகூட விடாமல் அமைச்சரே ஒப்பித்துவிட்டார். ராஜாவுக்குப் பத்திரமென்று சொன்ன இடம் அவருக்கு மட்டும் ஏனோ பத்திரமில்லை!"

ராஜா அமைச்சரை ஏற இறங்கப் பார்த்தார். சொக்கராயருக்குத் தரையில் ஏதோ அதிசயம் தென்பட்டது போலும், தலை நிமிரவே இல்லை. ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குமுதவல்லியிடம் கொடுத்துவிட்டு, பேச்சியம்மாள் பக்கம் திரும்பினார்.

"உன் ஓலையை யாரும் தொடமாட்டார்கள். நாளைக் காலை கொட்டகைக்கு வருகிறேன். முதல் நாள் என்ன வேலை?"

"தண்ணித் தொட்டி ரொப்புறது, ராஜா."

"மறுநாள்?"

"கொட்டகையைக் கூட்டுறது. மூணு மாசத்துக்கு மருந்தைக் கண்ணால பார்க்கலாம், கையால தொடக் கூடாது. ஆறு மாசம் கழிச்சுத்தான் ஓலை."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு வாணத்துக்கா இத்தனை பயிற்சி? நாட்டை ஆள்வதற்குக்கூட எனக்கு யாரும் ஒரு நாள் பயிற்சி கொடுத்ததில்லையே!"

குமுதவல்லி முத்துமாலையைப் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்:

"தெரிகிறது, மகாராஜா."